நுனி கருத்த உத்திரம்

பாலக்கரையில் போய் பிலோமின்ராஜ் வீடு எது என்று கேட்டால், "எந்த பிலோமின்ராஜ்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பேரில் ஒரு கணக்கு வாத்தியார் உண்டு, ஒரு பேண்டு மாஸ்டர் உண்டு, தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறும் பெரிய மனிதர் ஒருவரும் உண்டு. "வீடு பிரிக்கிற பிலோமின்" என்று சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. ரயில்வே பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மரக்கிடங்கைக் கை காட்டிவிடுவார்கள்.

பிரிக்கிற பிலோமின், இடிக்கிற பிலோமின் இல்லை. இடிப்பது என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. ஜேசிபியை விட்டு ஒரே காலையில் வீட்டைக் குப்பையாக்குகிறவர்களைப் பற்றி அவர் முன்னால் பேச்செடுத்தால், அன்றைக்கு டீ கூட வாங்கித் தர மாட்டார். கட்டியவன் எந்த வரிசையில் ஏற்றினானோ அதற்குத் தலைகீழ் வரிசையில் இறக்க வேண்டும் என்பார். ஓடு, ரீப்பர், கைமரம், உத்திரம், அப்புறம் நிலை, கதவு, தூண். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில், உறையூரில், கோட்டைக்குள், பீமநகரில் என்று முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பிரித்த வீடுகளின் மரம் இன்று எந்தெந்த ஊர் ஓட்டல் வாசலிலோ நின்றுகொண்டிருக்கிறது.

அவருடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூரையின் முதல் ஓட்டை வீட்டுக்காரர் கையால்தான் எடுக்க வேண்டும். அவர் ஏணியில் ஏறி, ஒரே ஒரு ஓட்டை உருவி, மேஸ்திரி கையில் கொடுக்க வேண்டும். மேஸ்திரி அதைக் கண்ணில் ஒற்றி, உடையாமல் கீழே இறக்கி, வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மேலே கால் வைப்பார்கள். நாளைக்கு யாரும் வந்து "என் வீட்டை நீதான் அழித்தாய்" என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காக முன்னோர்கள் செய்துவைத்த ஏற்பாடு என்று நினைக்கிறேன். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த ஓட்டை வாங்கும்போது பிலோமின்ராஜின் முகத்தைப் பார்த்தவர்கள் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு. கைப்பிடி வைத்த ஒரு முழ நீளக் கம்பி ஒன்று வைத்திருந்தார். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடுக்கில் அதைச் செருகித் திருகி இழுப்பார். நுனியில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் வண்டு. மண் ஒட்டியிருந்தால் கரையான். கருப்புப் பொடி வந்தால் உளுத்துவிட்டது, அந்த வீட்டுக்கு ஆயுசு அவ்வளவுதான். சுத்தமாக வந்தால், "இன்னும் அம்பது வருஷம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். வந்த வேலை கையை விட்டுப் போகிறதே என்று கவலைப்பட்டதில்லை. நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பார்கள். இந்த நரி கேட்காது என்று ஊரே நம்பியது. பிலோமின் சொன்னால் சொன்னதுதான்.

அந்த நம்பிக்கையில்தான் அவரை தர்கா பக்கத்துச் சந்துக்கு அழைத்தார்கள்.

நத்தர்வலி தர்காவுக்குத் தெற்கே, இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து அது. அதன் கடைசியில் தஸ்லிமாவின் வீடு. அவருடைய அத்தாவின் தாத்தா அத்தர் வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டியது. நூற்று நாற்பது வருஷம் ஆகிவிட்டது. முன்கூடத்தில் எட்டுத் தூண்கள், கீழே ஆத்தங்குடிக் கல் வருவதற்கு முந்தைய காலத்துச் சுண்ணாம்புத் தரை, பழுப்பேறி, வழுவழுவென்று. ரமலான் மாதத்தில் அந்தத் தெருப் பெண்கள் எழுபது பேர் தராவீஹ் என்கிற இரவுத் தொழுகைக்கு அந்தக் கூடத்தில்தான் நிற்பார்கள். பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் இல்லை. வேறு எந்த வீட்டிலும் எழுபது பேர் நிற்க முடியாது. நான்கு தலைமுறையாக இப்படித்தான் நடக்கிறது. மகப்பேறு, மாமியார், சமையல் என்று பகலெல்லாம் அல்லாடுகிறவர்களுக்கு வருஷத்தில் அந்த ஒரு மாதம், அந்த ஒரு கூடம்.

தஸ்லிமாவுக்கு நாற்பத்தேழு வயது. கணவர் தவறிய பிறகு அத்தா வீட்டுக்கே திரும்பி வந்தவர். தில்லைநகரில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை. வீட்டில் பங்குள்ள இன்னொருவர் அண்ணன் மன்சூர். குவைத்தில் இருபத்தெட்டு வருஷம் டிரைவராக இருந்து, முழங்கால் இரண்டும் போய், இனி அங்கே முடியாது என்ற நிலையில் ஊர் திரும்பியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. லிஃப்ட் உள்ள அபார்ட்மெண்டில், மேற்கத்திய கழிப்பறை உள்ள ஒரு வீட்டில், கடைசிக் காலத்தைக் கழிக்க ஆசைப்பட்டார். ஒரு பில்டரிடம் பேசியும் வைத்திருந்தார். காலி மனையாகக் கொடுத்தால் பதிவு செய்துகொள்கிறேன் என்று பில்டர் சொல்லியிருந்தார். தஸ்லிமா கையெழுத்துப் போட மறுத்தார்.

விஷயம் ஜமாத்துக்குப் போனது. ஜமாத் தலைவர் அப்துல் சலாம் பாய் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு வழி சொன்னார். வீடு தாங்கும் என்றால் தஸ்லிமா அங்கேயே இருக்கட்டும், மன்சூர் வாயைத் திறக்கக் கூடாது. தாங்காது என்றால், எழுபது பெண்கள் தலைமேல் விழுவதற்கு முன்னால் தஸ்லிமா கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். தாங்குமா தாங்காதா என்று யார் சொல்வது?

"வீடு பிரிக்கிற பிலோமின் மேஸ்திரி சொல்லட்டும், பொய் சொல்ல மாட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று பேரைச் சொன்னதே தஸ்லிமாதான்.

பிலோமின்ராஜ் வந்து, செருப்பை வாசலில் விட்டு, ஒரு காலைப்பொழுது முழுக்க அந்த வீட்டைச் சுற்றினார். பின்கூடத்தில் ஆறு உத்திரம், முன்கூடத்தில் பன்னிரண்டு. ஏழு இடங்களில் கம்பியைச் செருகினார். ஏழிலும் கருப்பு.

"தாங்காது பாய்" என்றார் அப்துல் சலாமிடம். "ஏழு எடத்துலயும் கருப்பாத்தான் வருது. ஒரு மழையோ ரெண்டு மழையோ."

தஸ்லிமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நிச்சயமாத்தான் சொல்றீங்களா மேஸ்திரி?"

"முப்பது வருஷத்துக்கு மேல பாக்குறேன் தங்கச்சி."

மறுநாள் தஸ்லிமா காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தெரு முனையில் ஒரு மாடி அறைக்குச் சாமான்களை மாற்றினார். பிரிக்கிற வேலையும் பிலோமின்ராஜுக்கே வந்தது.

பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம் வேலை தொடங்கியது. பின்கூடத்து ஓட்டுக் கூரையிலிருந்து ஆரம்பிப்பதாக ஏற்பாடு. முழங்கால் வலியோடு மன்சூர் ஏணி ஏற முடியாது. தஸ்லிமா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். ஓட்டை உருவினார், கொடுத்தார். பிலோமின்ராஜ் அதைக் கண்ணில் ஒற்றி இறக்கிக் கொடுத்தபோதுதான் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு, கீழே நின்றபடி கேட்டார்: "மேஸ்திரி, எனக்கு ஒரு துண்டு மரம் வேணும். குர்ஆன் வச்சு ஓதுற பலகை ஒண்ணு செஞ்சுக்கறேன். இந்த வீட்டு மரமா இருக்கணும். இது ஒண்ணுதான் நான் கேக்குறது."

"அதுக்கென்ன தங்கச்சி, எடுத்துக்கங்க" என்றார் பிலோமின்ராஜ்.

சொல்லிவிட்டார். ஆனால் வியாபாரி புத்தி எங்கே போகும்? இலுப்பை உத்திரம், பதினோரு அடி. நடுவில் ஒரு சாண் வெட்டினால் முழு மரத்துக்கும் மதிப்புப் போய்விடும். இங்கே அவர்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உத்திரத்தை இறக்கும்போது சுவரோடு ஒட்டி அறுத்துவிடுவார்கள். சுவருக்குள் பதிந்திருக்கிற ஒரு முழ நுனியை எடுக்க மெனக்கெட மாட்டார்கள். அது உளுத்ததுதானே என்று செங்கல் சுண்ணாம்போடு சேர்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். எந்த வீட்டிலும் அப்படித்தான். அந்த நுனி எப்படி இருக்கும் என்று முப்பத்திரண்டு வருஷமாக யாரும் செதுக்கிப் பார்த்ததில்லை.

தன் தலைமைத் தச்சர் சிவசங்கரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "சிவா, செவுத்த நோண்டி அந்த நுனிய உருவு. உளுத்தது போக உள்ள ஒரு பலகைக்குத் தேறுதான்னு பாரு. நல்ல மரத்துல கை வச்சிராத."

சிவசங்கர் மண்ணச்சநல்லூர்க்காரர். பதினெட்டு வருஷமாக அவரோடு இருப்பவர். இரண்டு உத்திரங்களுக்கு நடுவே ஒரு கண்ணி அளவுக்கு ஓட்டையும் கைமரத்தையும் இறக்கிவிட்டு, உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, சுவரோரம் அறுத்தார். அப்புறம் செங்கல்லைப் பெயர்த்து நுனியை உருவினார். ஒரு முழத்துக்குக் கரிக்கட்டை போல இருந்தது. வாய்ச்சியை எடுத்து ஒரு பக்கம் செதுக்கினார். நிறுத்தினார். இன்னொரு பக்கம் செதுக்கினார்.

"அண்ணே, கொஞ்சம் வாங்க."

பிலோமின்ராஜ் போய்ப் பார்த்தார். கருப்பு ஒரு நகக்கண் ஆழம்தான். அதற்கு உள்ளே மரம் செக்கச்செவேலென்று இருந்தது. நேற்று அறுத்தது போல எண்ணெய் மினுக்கம். வாசம் கூட வந்தது.

"உளுப்பு இல்லண்ணே இது. சுட்டிருக்காங்க" என்றார் சிவசங்கர், தாழ்ந்த குரலில். "எங்க ஊருல வேலிக்கால் நடுறப்ப அடிய நெருப்புல காட்டிட்டுத்தான் நடுவாங்க. கரையான் தொடாது, ஈரம் ஏறாது. அதையேதான் பண்ணியிருக்காங்க. செவுத்துக்குள்ள போற பக்கத்த மட்டும் சுட்டுப் பதிச்சிருக்காங்க."

வேலிக்காலை நெருப்பில் காட்டுவது பிலோமின்ராஜுக்கும் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? வேலிக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தோன்றவில்லை. மரத்தைக் காப்பாற்றச் சுட்ட கருப்பை மரத்தின் சாவு என்று படித்துவிட்டார். கட்டினவனுக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். பிரிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இப்படி அவருக்காக நான் வக்காலத்து வாங்கலாம். அவர் வாங்கவில்லை.

இன்னொரு உத்திரத்தை அறுக்காமல், செங்கல்லை மட்டும் பெயர்த்து நுனியைச் செதுக்கிப் பார்க்கச் சொன்னார். அதுவும் அப்படியே. நல்ல மரம்.

சிவசங்கர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்ணே. உங்க இஷ்டம்."

சிவசங்கர் இதைத் துரோகமாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்டவரின் பேர் ஒரே நாளில் போவதைப் பார்க்க அவருக்கு மனசில்லை. பிலோமின்ராஜ் நுனிக் கட்டையைச் சாக்கில் சுற்றினார். முன்கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தஸ்லிமா எழுந்து வந்து, "கெடச்சுதா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"இன்னைக்கு வேலை இதோட போதும் தங்கச்சி. பலகை நாளைக்குத் தரேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியேறினார். முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் ஒரு வீட்டுக்காரரின் கண்ணைப் பார்க்காமல் பேசியது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து கை கழுவி இலை முன்னால் உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. அவர் மனைவி செல்வமேரி மீன் குழம்பை ஊற்றிவிட்டு நின்று பார்த்தார். சாக்கில் என்ன என்று கேட்டார். பிலோமின்ராஜ் பிரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார்.

செல்வமேரி உடனே நியாயம் பேசுகிற பெண்மணி இல்லை. "சும்மா இருங்க" என்றார். "அந்த அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க போயி தப்புன்னு சொன்னா, அந்தம்மாகிட்ட கைநீட்டி வாங்கிட்டீங்கன்னுதான் பேசுவாங்க. ஊரு வாய மூட முடியுமா?"

செல்வமேரி கட்டையைக் கையில் எடுத்தார், திருப்பினார். கருப்பு அவர் விரலில் ஒட்டியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, குரல் மாறி, "ஏங்க" என்றார். "மாமா கட்டைக்கும் நுனி இப்படித்தானே இருக்கும்?"

பிலோமின்ராஜ் எழுந்துவிட்டார்.

மாமா கட்டை என்று அவர்கள் வீட்டில் சொல்வது கிடங்கில் கிடக்கும் ஒரு உத்திரத்தை. பிலோமின்ராஜின் அப்பா சூசை பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். பாலக்கரையிலேயே மூன்று அறையுள்ள ஓட்டு வீடு, அவருடைய அப்பா கட்டியது. பிலோமின்ராஜ் இருபத்தேழு வயதில் தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில், கையில் கம்பியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், முதலில் சோதித்தது அந்த வீட்டைத்தான். கருப்புப் பொடி வந்தது. "அப்பா, வீடு உளுத்துப் போச்சு, பிரிச்சுட்டு தளம் போட்டுரலாம்" என்றார். அவர் பிரித்த முதல் வீடு அது. முதல் ஓட்டைச் சூசைதான் எடுத்துக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்த ஓட்டை, வரகனேரியில் பிடித்த வாடகை வீட்டில், கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். புது வீட்டுக்குத் தளம் போடுவதற்கு முன்னாலேயே அந்த வாடகை வீட்டில் இறந்துபோனார். அவர் மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த நடு உத்திரத்த மட்டும் விக்காதடா. அறுக்கவும் அறுக்காத. முழுசா இருக்கட்டும்."

அப்படித்தான் அது ஒன்று மட்டும் இரண்டு நுனியோடும் முழுதாகக் கிடங்குக்கு வந்தது. இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் கிடத்தி, பெஞ்சாக்கிவிட்டார்கள். கிடங்குக்கு வருகிறவர்கள் அதில்தான் உட்காருவார்கள். "உளுத்த கட்டைல உக்காரச் சொல்றீங்களே மேஸ்திரி" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

அன்று மத்தியானம் வெயிலில் அதன் முன்னால் நின்றார். இதற்கு வாய்ச்சி தேவைப்படவில்லை. கூரையில்லாத இடத்தில் முப்பத்திரண்டு வருஷ மழை, முப்பத்திரண்டு அக்னி நட்சத்திரம். தினமும் அதன்மேல் பத்துப் பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். உளுத்த நுனி என்றால் எப்போதோ உதிர்ந்து மண்ணாகியிருக்க வேண்டும். நடுமரம் வெளுத்து வெடித்திருந்தது. கருப்பு நுனி இரண்டும் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் இத்தனை வருஷமும் மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் வீடு நன்றாகத்தான் இருந்தது. அப்பா அதிலேயே செத்திருக்கலாம்.

அவர் அங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று செல்வமேரிக்குத் தெரியாது. மனைவி கிடங்குக்குப் போனபோது பிலோமின்ராஜ் சட்டையை மாற்றிக்கொண்டு, சாக்கை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். செல்வமேரி தடுக்கவில்லை.

அஸர் என்கிற மாலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் அலுவலக அறையில் அப்துல் சலாம் பாய் உட்கார்ந்திருந்தார். மன்சூரையும் தஸ்லிமாவையும் வரவழைக்கச் சொன்னார் பிலோமின்ராஜ். எல்லோரும் வந்ததும் செதுக்கிய கட்டையை மேஜைமேல் வைத்தார்.

"நான் சொன்னது தப்பு பாய். வீடு நல்லாருக்கு. கருப்பு உளுப்பு இல்ல, சுட்ட கரி. எனக்குத் தெரியல. தெரிஞ்சவன் மாதிரி சொல்லிட்டேன்."

தஸ்லிமா கட்டையைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டார். மன்சூர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னங்க இது, விளையாட்டா?" என்றார் மன்சூர். "அன்னைக்கு உளுத்துருச்சுன்னீங்க. கையெழுத்து வாங்கினோம். பில்டர்கிட்ட தேதி சொல்லியாச்சு. இன்னைக்கு வந்து நல்லாருக்குங்கறீங்க. தங்கச்சி என்ன குடுத்துச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் குடுக்கலைங்க. ஒரு துண்டு மரம் கேட்டுச்சு. அதுல தெரிஞ்சுது."

"சரி, தெரியாமச் சொன்னீங்கன்னே வச்சுக்குவோம்." மன்சூரின் குரல் தணிந்தது, தணிந்ததுதான் அதிகம் சுட்டது. "அப்ப இதுக்கு முன்னாடி? கருப்பு வந்துச்சுன்னு சொல்லி எத்தன வீட்டப் பிரிச்சீங்க மேஸ்திரி?"

"மொத வீடு எங்க அப்பாவோடதுங்க" என்றார் பிலோமின்ராஜ். "மத்தது நான் எண்ணல."

மன்சூர் உட்கார்ந்துவிட்டார்.

அப்துல் சலாம் பாய், இனி ஒருவர் சொல்லை நம்பி எதுவும் செய்வதில்லை என்று முடிவு செய்து, ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரை அழைத்துவந்தார். அவர் கருவிகளோடு வந்து இரண்டு நாள் பதினெட்டு உத்திரங்களையும் பார்த்தார். பதினேழு நன்றாக இருந்தன. பின்கூடத்து மூலையில், தகர ஓடை ஒழுகுகிற இடத்தில் ஒன்று மட்டும் நிஜமாகவே உளுத்திருந்தது. அதை மாற்றி, கூரையைச் சரிசெய்தால் வீடு நிற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்சூருக்கு வருத்தம்தான். ஆனாலும், "ஜமாத் முன்னாடி குடுத்த வாக்கு" என்று சொல்லி, பில்டருக்கு அவரே போன் செய்து முடியாது என்றார். கையெழுத்திட்ட காகிதத்தை அப்துல் சலாம் பாய் கிழித்துப் போட்டார்.

வீடு தப்பித்தது. பிலோமின்ராஜின் பேர் தப்பிக்கவில்லை. திருச்சி பெரிய ஊர் மாதிரித் தெரியும்; இந்த மாதிரிச் செய்திக்கு அது ஒரே தெரு. "பிலோமின் சொன்னா மாத்தித்தான் சொல்லுவாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். வருகிற வேலை குறைந்தது. அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது ஒரு போன் அழைப்பு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் வீட்டைப் பிரிக்கக் கொடுத்துவிட்டு, இப்போது திருவானைக்காவலில் அபார்ட்மெண்டில் இருக்கும் ஒரு பெரியவர் பேசினார்.

"பிலோமின், எங்காத்துலயும் கருப்புப் பொடிதானே வந்தது?"

"ஆமாங்க சாமி."

எதிர்முனையில் பெரியவர், "பெருமாள் சித்தம்" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று பிலோமின்ராஜ் செல்வமேரியிடம் சொன்னார்.

பின்கூடத்தைத் திரும்பக் கட்டுகிற வேலையைத் தானே செய்வதாக அவர் கேட்டுக்கொண்டார். பிரித்தே பழகிய ஆட்கள் முதல்முறையாக ஒரு கூரையை ஏற்றினார்கள். மூலையில் உளுத்தது நீளம் குறைந்த உத்திரம், அதற்குக் கிடங்கில் இருந்த மரமே எட்டியது. பலகைக்காக நுனி அறுபட்ட உத்திரம் சுவரை எட்டாமல் நின்றது. அதற்குத்தான் இரண்டு பக்கமும் சுவரில் பதிகிற மாதிரி முழு மரம் கிடைக்கவில்லை. அவர் கிடங்கில் இருந்ததெல்லாம் அவரே நுனி அறுத்த மரங்கள். முழுதாக இருந்தது ஒன்றே ஒன்று.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஆறு பேர் சேர்ந்து மாமா கட்டையை அந்தச் சந்துக்குள் தோளில் தூக்கிவந்தார்கள். தச்சு மேடையில் வைத்து அளந்த சிவசங்கர், "அண்ணே, அரை அடி கூடுதலா இருக்கு. ஒரு பக்கம் நுனியக் கழிச்சுரட்டுமா?" என்று ரம்பத்தை எடுத்தார்.

"மரத்துல கை வைக்காத" என்றார் பிலோமின்ராஜ். "செவுத்த இன்னும் கொஞ்சம் நோண்டு."

சுவரை ஆழமாக்கி, கருப்பு நுனி இரண்டையும் உள்ளே செலுத்தி, சுண்ணாம்பு வைத்து அடைத்தார்கள். கைமரம் ஏறியது, ரீப்பர் ஏறியது, ஓடு வேய்ந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு ஓட்டுக்கு இடம் விட்டு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். முதல் ஓட்டை எடுக்க வழக்கம் இருந்தது. திரும்ப வைக்க எந்த வழக்கமும் இல்லை. தஸ்லிமா மாடி அறையில் துணி சுற்றி வைத்திருந்த ஓட்டைக் கொண்டுவந்து, தானாகவே ஏணி ஏறி, அதன் இடத்தில் வைத்தார். ரமலானுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

கீழே இறங்கியவர் பின்கூடத்தில் நின்று மேலே பார்த்தார். மற்ற உத்திரங்கள் புகையேறிக் கருஞ்சிவப்பாக இருந்தன. ஒன்று மட்டும் வெயிலிலும் மழையிலும் வெளுத்து, நடுவில் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்து, தனியாகத் தெரிந்தது.

"இது எந்த வீட்டு மரம் மேஸ்திரி?" என்று கேட்டார்.

"எங்க அப்பா வீட்டு மரம் தங்கச்சி" என்றார் பிலோமின்ராஜ். "நல்ல மரம். நான்தான் உளுத்துப் போச்சுன்னு சொன்னேன்."